மயிலுக்கு அடியில் நாலு ஸ்க்ரூ

மாப்ளே,

உன் பெட்டி என் மேசைமேல் இருக்கிறது. கடையின் தகரக் கூரை உச்சி வெயிலில் கொதிக்க, பெட்டியிலிருந்து எனாமல் பெயிண்ட் வாசனை கிளம்புகிறது. நீ பெயிண்ட் அடித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இத்தனை காலம் எந்தப் பெயிண்டாவது மணக்குமா? அதிலேயே எனக்குச் சந்தேகம்.

காலையில்தான் உன் வீட்டுக்காரி அரியலூரிலிருந்து பஸ் ஏறிவந்து பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாள். நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. உன் கச்சேரிக் குழுக்காரர்கள் நினைவுக் கச்சேரி வைக்கிறார்களாம், உன் மகள் உன் கிட்டாரை வாசிக்கப் போகிறாளாம். கிட்டாரோடு இணைக்கிற இந்தப் பெட்டிதான் ஊமையாகிவிட்டது. "அவரு வாசிச்ச மாதிரியே சத்தம் வேணும்ங்கிறா அண்ணே. நீங்க செஞ்சதுதான, நீங்கதான் பாத்துக் குடுக்கணும்" என்றாள் தங்கச்சி.

நீங்க செஞ்சதுதான. அந்த வார்த்தையில்தான் சிக்கல். ரிப்பேர் பார்க்கப் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்தால், அதை நான்தான் செய்தேனா என்பது தெரிந்துவிடும்.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ரெட்டிபாளையம் ரோட்டுப் பட்டறையில் சிமெண்ட் லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாய். சாயங்காலமானால் கையைத் தின்னரில் கழுவிவிட்டுக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போவாய். நான் பெரம்பலூரில் மைக் செட் வைத்திருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இல்லை. கிணற்றுக்குள் பாடினால் குரல் சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி கிட்டார் ஒலிக்க ரிவெர்ப் பெடல் வேண்டும், கடையில் விலை கட்டுப்படியாகவில்லை என்று நீ வந்து நின்றாய். "இதுக்கா கடைக்குப் போற?" என்றேன்.

பழைய மெயின் போர்டின் இரும்புப் பெட்டியை எடுத்தேன். ஒரு பக்கம் ரேடியோ ஸ்பீக்கர், மறுபக்கம் பொம்மையிலிருந்து பிடுங்கிய பஸ்ஸர் தகடு, இரண்டுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய ஸ்பிரிங். ஸ்பீக்கர் ஸ்பிரிங்கை ஆட்ட, ஸ்பிரிங் ஆடி ஆடி ஓய்வதைத் தகடு பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங்குக்கு என் வீட்டு ஜன்னல் ஸ்கிரீன் தொங்கிய ஸ்பிரிங் கம்பியையே கழற்றினேன். அதன்மேல் இருந்த வெள்ளை பிளாஸ்டிக் உறையை ஒரு பொட்டு விடாமல் உரித்தேன். இரும்பு வெறும் உடம்போடு இருந்தால்தான் பேசும் என்று உனக்கு விளக்கமும் சொன்னேன். இந்த ஜில்லாவில் வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது.

வாசித்துப் பார்த்தோம். தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டைப் போட்டு ஆட்டின மாதிரி இருந்தது. நீ முகத்தைச் சுளிக்கவில்லை. "இருக்கட்டும் மச்சான், பெயிண்ட் அடிச்சுக் கொண்டாறேன்" என்று பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாய்.

திரும்பி வந்தபோது அது பெட்டியாக இல்லை, குட்டி லாரியாக இருந்தது. மூடியில் தோகை விரித்த மயில், நாலு பக்கமும் தாமரை, முதுகில் சிவப்பு வெள்ளை ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், திருஷ்டிக்கு இரண்டு கண். மூடியின் நாலு ஸ்க்ரூவும் காணோம். பட்டி பூசித் தேய்த்து அதன்மேல் மயிலை வரைந்துவிட்டாய். மயிலின் கழுத்து மூடியிலிருந்து இறங்கிப் பக்கத் தகட்டில் முடிந்தது. மூடியைத் தூக்கினால் கழுத்து இரண்டாகும்.

அன்றைக்கே விக்கிரமங்கலம் திருவிழாவில் கச்சேரி. நீ காலால் பெட்டியை அமுக்கி முதல் கம்பியைத் தட்டியதும் மண்டபத்துப் புறாக்கள் மொத்தமும் எழும்பிப் பறந்தன. இரண்டே புறா என்று சொல்கிறவர்கள் பந்தலுக்கு வெளியே நின்றவர்கள். அந்தச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. நீ மைக்கைப் பிடித்து, "இதச் செஞ்சது எங்க பெரம்பலூரு மச்சான்" என்றாய். எழுந்து நின்று கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது.

கோலிக்குண்டுச் சத்தம் எங்கே போயிற்று? அதே வாரம்தான் உன் லப்பைக்குடிக்காட்டுக் கூட்டாளி துபாயிலிருந்து வந்திருந்தார். அவர் கொண்டுவந்த பாரின் சாமானை உள்ளே வைத்து மூடிவிட்டாயோ? உனக்குத் தெரியாமல் பெட்டியை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், காதில் வைத்துக் குலுக்கினேன். ஒன்றும் பிடிபடவில்லை.

ஊரெல்லாம் பேர் பரவி, ஜெயங்கொண்டத்திலிருந்து துறையூர் வரைக்கும் குழுக்காரர்கள் ரிவெர்ப் பெட்டி கேட்டு வந்தார்கள். அதே ஸ்பீக்கர், அதே தகடு, உறையுரித்த அதே ஸ்பிரிங். அத்தனையும் கோலிக்குண்டு. கிட்டார் சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் எனக்குத் தெரியாதா?

ஒருநாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உன்னை மடக்கினேன்.

"உள்ள என்னடா வச்ச?"

"நீ வச்சதுதான் இருக்கு."

"தொறந்து காட்டு."

"மயிலு கழுத்த அறுக்கணும் மச்சான். மனசு வந்தா நீயே அறுத்துக்க" என்று பெட்டியை என் பக்கம் தள்ளினாய்.

டீக்கடைக்காரரிடம் கத்தி வாங்கினேன். மயில் என்னையே பார்த்தது. கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ டீயைக் குடித்துக்கொண்டே சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு இன்றுவரை எனக்கு அர்த்தம் தெரியாது.

பேனாவை வைத்துவிட்டு இன்றைக்கு அறுத்தேன், மாப்ளே. பட்டியைச் சுரண்டி ஸ்க்ரூவைக் கழற்றி, பிளேடைக் கழுத்தில் வைத்து ஒரே இழுப்பு. உள்ளே துபாயும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. என் ஸ்பீக்கர், என் தகடு, கொய்யாக்காய் கொய்யாக்காயாக நான் பற்றவைத்த ஈயம். தகட்டு ஒயர் விட்டிருந்தது. அதுதான் ஊமைக்குக் காரணம். எல்லாம் நான் வைத்தபடியே. ஸ்பிரிங் மட்டும் நீல நிறத்தில் இருந்தது.

பெயிண்ட். ஸ்பிரிங்குக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறாய்.

உன் பட்டறையில் பார்த்திருக்கிறேனே. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், கதவு இடுக்கில், யார் கண்ணும் படாத இடத்தில்கூடப் பிரஷை விட்டுக்கொண்டிருப்பாய். "இரும்ப அம்மணமா வெளிய அனுப்பக் கூடாது மச்சான்" என்பாய். அந்தப் பழக்கத்தில் இதற்கும் அடித்திருப்பாய் என்று நினைத்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். குழுக்காரர் ஒருவர் திருப்பிக் கொடுத்த பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. அதன் ஸ்பிரிங்கைப் பெயிண்டில் முக்கி வெயிலில் காயவைத்து மாட்டினேன். கோலிக்குண்டில் பாதி காணோம். நான் உரித்த உறையை நீ திரும்பப் போட்டிருக்கிறாய்.

அத்தோடு விட்டிருந்தால் நிம்மதி. உன் ஸ்பிரிங்கின் நுனியை நகத்தால் சுரண்டினேன். நீலத்துக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே சிவப்பு. துருவுக்கு ஒரு கோட்டு போதாதா? அடிக்க, காயவைக்க, தட்டிக் கேட்க, பத்தாமல் மறுபடி அடிக்க. அப்படித்தான் செய்தாயா? தெரிந்துகொண்டே மைக்கில் என் பேரைச் சொன்னாயா? அல்லது லாரிக்கு அடிக்கிற மூன்று கோட்டு இதற்கும் கைப்பழக்கமா? இரண்டில் எது என்று நீ சொன்னால்தான் உண்டு. சொல்லாமல் போய்விட்டாய், கள்ளப்பயல்.

ஒயரைப் பற்றவைத்துவிட்டேன். சத்தம் அப்படியே உன்னுடையது. மூடியையும் பூட்டியாயிற்று. மயில் கழுத்தில் வெட்டுத்தான் தெரிந்தது. என்னிடம் இருந்த சிவப்பு பெயிண்டால் அதன்மேல் ஒரு கோடு இழுத்தேன். உன் மகள் கேட்டால், மாலை போட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன்.

கச்சேரியில் அவள் அமுக்கியதும் யாராவது கேட்பார்கள், யார் செய்தது என்று. கேட்காவிட்டால் கேட்க வைப்பேன். ஸ்பீக்கர் என்னுடையது, தகடு என்னுடையது, ஈயம் என்னுடையது என்று எல்லாம் சொல்வேன். உள்ளே வேறென்ன இருக்கிறது என்று துருவினால், டீக்கடையில் நீ சிரித்த மாதிரியே சிரித்துவிட்டு வந்துவிடுவேன். அவர்களும் கொஞ்ச காலம் சந்தேகத்தோடு அலையட்டும்.