அம்மனுக்கு நான் கொடுத்த கப்பல்

என்னைப் பெற்று, கடல் தாண்டித் தூக்கி வந்து, மலாயாவில் இந்த லாபிஸ் காட்டில் ஆளாக்கிவிட்ட என் அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும், மகன் முத்தையா விழுந்து கும்பிட்டு எழுதுவது.

நீங்கள் இருவரும் படுத்திருக்கும் மேட்டில் லாலாங் புல் மறுபடியும் ஏறிவிட்டது. போன வாரம்தான் வெட்டினேன். தோட்டமே அசந்து நிற்க ஒரே மூச்சில் வெட்டித் தள்ளினேன் என்று எழுதத்தான் கை வருகிறது. அசந்து நிற்க இப்போது ஆள் ஏது? லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது.

இதை என் கைப்பட எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான் என்றாலும், சந்தேகம் வந்தால் வாத்தியாரே என்னைத்தான் கேட்பார். எழுதி முடித்ததும் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் கொடுத்து, அவர் வாங்கும் சிங்கப்பூர்ப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். மேலே இருக்கும் எங்களுக்குப் பத்திரிகை எதற்கடா என்று கேட்பீர்கள். அந்தப் பத்திரிகை கப்பலேறி ஊர்ப்பக்கமும் போகிறதாம். யார் கண்ணிலாவது பட்டு, அவர் பாக்கியத்தின் காதில் போட்டால் போதும்.

ஆமாம், பாக்கியம் இங்கே இல்லை. உங்கள் மகளைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

ரப்பர் விலை விழுந்துவிட்டது அய்யா. மரத்தில் பால் வடிகிறது, வாங்க ஆளில்லை. ஒரு நாள் விடியலில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு எல்லோரும் வரிசையாய் நிற்கும்போது, பெரிய கங்காணி சிலரைத் தனியாக நிற்கச் சொன்னார். அவர்களுக்கு இனி இங்கே வேலை இல்லை, ஊர் திரும்ப வேண்டும், கப்பல் செலவை சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்றார். பாக்கியத்தின் வீட்டுக்காரர் சன்னாசியும் அந்தப் பக்கம் போய் நின்றார். என்னை மட்டும் விடமாட்டேன் என்று தொரை கட்டிப்பிடித்து அழுததாக வெளியே சொல்லி வைத்திருக்கிறேன். புகை வீட்டில் ரப்பர்த் தகடு காயவைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

ஊர் திரும்புகிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். பாக்கியம் பிறந்தது நம் லயத்துக் கடைசி வீட்டில். அவள் எங்கிருந்து வந்தாள், திரும்புவதற்கு?

அவள் அழவில்லை. பானை சட்டிகளைக் கட்டி வைத்துவிட்டு என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். “அண்ணே, நம்ம மாரிய நான் எடுத்துட்டுப் போறேன். அவ இல்லாம என்னால அந்தக் கப்பல்ல கால் வைக்க முடியாது.”

யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். ஏன் என்று உங்கள் இருவருக்கும் தெரியும். உங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

நம் மாரியம்மன் கல் ஊரிலிருந்து வந்தது என்றுதான் இந்தத் தோட்டம் நம்பிக்கொண்டிருந்தது. ஆத்தா, நீ அவளை மடியில் கட்டிக் கப்பலேறியதாகவும், நடுக்கடலில் புயல் வந்ததாகவும், நீ முந்தானையைத் திறந்து காட்டியதும் கடல் அடங்கியதாகவும், வெள்ளைக்காரக் கப்பல்காரன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாய் நின்றதாகவும் சொன்னவன் நான். தோட்டத்துக்கு வந்த பிறகு ஒரு காட்டு யானை முட்டி போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனதும் உண்டு. அந்த யானை பிறகு சேர்ந்தது. கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்து யானையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினேன்.

நடந்தது என்ன? அய்யா, தோட்டத்துக்கு வாய்க்கால் வெட்டுகையில் உங்கள் மண்வெட்டி ஒரு கல்லில் பட்டது. குனிந்து எடுத்தீர்கள். சேற்றைத் துடைத்தீர்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, தலைத்துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். ஆத்தா அதை வாங்கி, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். “வந்துட்டியா” என்றாள். அவ்வளவுதான் கதை. புயலும் இல்லை, யானையும் இல்லை.

நான் பொய் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காட்டை அழித்துக் கன்று நட்ட அந்தக் காலத்தில் காய்ச்சல் வந்து லயம் முழுக்கப் படுத்துக் கிடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. ஆத்தா, நீ ஒவ்வொரு வீடாய்க் கஞ்சி ஊற்றிக்கொண்டு போவாய். எடுத்துப் போட ஆளில்லாமல் செத்தவர்களை நீ குளிப்பாட்டுவாய், அய்யா குழி வெட்டுவார். எங்கே போயிருந்தாய் என்று யாராவது கேட்டால், “சாமி கும்பிட்டுட்டு வாரேன்” என்பாய். கோயில் பக்கமே போகாமல் நீ அப்படிச் சொல்வது சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. விளங்கியபடி நடக்கத்தான் வரவில்லை.

அப்போது ஒரு பொம்பளை காய்ச்சலில் கிடந்து புலம்பினாள். “இந்தக் காட்டுக்கு எந்தச் சாமி வரப்போவுது? எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமே நின்னுருச்சு” என்று. நீ கஞ்சிச் சட்டியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாய். “எதாச்சும் சொல்லுடா, அவ தூங்கட்டும்” என்றாய். நான் சொன்னேன், “வந்திருக்கா அத்தை. எங்க ஆத்தா மடியில கப்பல்லயே வந்தா.” அவள் கண்ணை மூடினாள். நீ என்னை அடிக்கவில்லை, திருத்தவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், “நமக்கெல்லாம் கப்பல் கெடச்சுது, அவளுக்கும் ஒன்னு இருந்துட்டுப் போவட்டும்” என்றாய். என் வாய்க்கு நீ போட்டுக் கொடுத்த முதல் தொழில் அது ஆத்தா. இன்றைக்கும் நாலு பேர் நடுவில் நான் வாயைத் திறந்தால், அது நீ சொல்லச் சொன்னதன் மிச்சம்தான்.

ஆனால் அந்தக் கப்பல் இப்படித் திரும்பி வந்து என் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டார்கள்?

பாக்கியம் மட்டும் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. போகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். லாரி வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூடிவிட்டார்கள். போகிறவர்களுக்கு வேலாயுதம் பேசினான். உங்களோடு வாய்க்கால் வெட்டினானே, அந்தக் கறுத்த பொடியன்தான்.

“அவ நம்ம ஊர்க்காரி. கூட்டிட்டு வந்த நாமளே போறோம். அவள மட்டும் இங்க அட்டக்கடியில விட்டுட்டா?”

இருக்கிறவர்கள் பக்கம் ராக்காயி எழுந்தாள். புருஷனை இந்தக் காட்டுக்குப் பறிகொடுத்தும் இன்னும் பால் வெட்டுக்குப் போகிறவள். “ஓ, நீங்க ஊருக்குப் போறீங்க, அங்க தடுக்கி விழுந்தா கோயிலு. நாங்க என்ன காட்டுப் பன்னியா, சாமியில்லாம கெடக்க?”

“பேச்ச அளந்து பேசு ராக்காயி.”

“நீ அளந்துதான் தூக்கிட்டுப் போகப் பாக்குறியா? பொட்டுத் தாலிக் கயிறுகூட இவ காலடியில வச்சுத்தான் கட்டுனோம்.”

இரண்டு பக்கமும் சத்தம் ஏறியது. கடைசியில் வேலாயுதம் என் பக்கம் திரும்பினான். “ஏன் சண்ட? மாமாவையே கேளு. எத்தன தடவ சொல்லியிருக்காரு, கப்பல்ல வந்தவன்னு. எங்கேருந்து வந்தாளோ அங்க போறதுதான மொற?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாக்கியமும் பார்த்தாள். அய்யா, அந்த நிமிஷம் நீங்கள் பக்கத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கப்பல்ல வந்தவதான் என்றால் ராக்காயிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றும் மிஞ்சாது. வாய்க்காலில் கிடந்தவள் என்றால் என் தங்கை வெறுங்கையோடு கடலில் போக வேண்டும். அதுவும் போகட்டும், இத்தனை வருஷம் கும்பிட்டதெல்லாம் வெறும் கல்லா என்று எல்லோரும் கேட்டால்?

நான் உள்ளதைச் சொன்னேன். வாய்க்கால், மண்வெட்டி, தலைத்துண்டு, மஞ்சள் தண்ணீர். ஒன்றும் கூட்டவில்லை.

யாரோ சிரிக்க, கூட்டமே சிரித்துவிட்டது.

“யானை கும்பிட்டுச்சுன்னாரு, இப்ப வாய்க்கால்ல கெடந்தான்னு சொல்றாரு.”

“மாமா, நீங்க இங்க இருக்கப் போறதால இந்தப் பக்கம் பேசுறீங்க. நீங்களும் லாரி ஏறுனா வேற கத வரும், இல்ல?”

வேலாயுதம், நீ பக்கத்தில்தானே மண் வெட்டினாய் என்று கேட்டேன். “நான் மேக்கால வெட்டுனேன் மாமா. உங்கய்யா துண்டுல என்ன சுத்துனாருன்னு நான் கண்டனா?” என்றான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கூட்டாமல் குறைக்காமல் பேசினேன், அதைத்தான் யாரும் நம்பவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. என் அருகில் வந்து, “எந்த வாய்க்கால் அண்ணே?” என்றாள்.

“நீ நம்புறியா புள்ள?”

“இதுல யானையே வரலையே. அப்ப நெசமாத்தான் இருக்கும்.”

நான் புகை வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். நடந்தாள். நான் பின்னால் போனேன். கூட்டமும் என்னதான் நடக்கிறது என்று பின்னால் வந்தது. புகை வீட்டுக்குக் கீழே போகும் அந்தப் பழைய வாய்க்கால்தான், அய்யா. இப்போது கரையெல்லாம் பெரணிச் செடி. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முழங்கால் வரை தண்ணீர். குனிந்து கையை விட்டுத் துழாவினாள். ஒரு கல்லை எடுத்தாள், போட்டாள். இன்னொன்றை எடுத்தாள், போட்டாள். பிறகு ஒன்றை எடுத்து, சேற்றைத் துடைத்து, பார்த்துக்கொண்டே நின்றாள். நீங்கள் நின்றது போலவே. அதைச் சத்தியமாகக் கூட்டிச் சொல்லவில்லை.

“இவதான்” என்றாள்.

“எப்படித் தெரியும்?” என்று வேலாயுதம் கரையிலிருந்து கேட்டான். கேலியாகத்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

“எங்கய்யாவுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?”

ராக்காயி வீட்டுக்கு ஓடி மஞ்சள் கரைத்த செம்போடு வந்தாள். தானே ஊற்றினாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறியவர்கள், இப்போது எல்லோரும் அந்தச் செம்பைத் தொட்டுக் கொடுத்தார்கள். ஆத்தா, பாக்கியத்தின் வாயில் உன் வார்த்தை வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. “வந்துட்டியா” என்றாள்.

பழைய மாரி கோயிலிலேயே இருக்க, லாரி வந்த அன்று அவள் அந்தப் புதுக் கல்லை மடியில் கட்டியிருந்தாள். வேறு தோட்டத்து ஆட்களும் லாரியில் இருந்தார்கள். அதில் ஒருத்தி, “அது என்னாத்தா மடியில?” என்று கேட்டாள். பாக்கியம் என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். “எங்க மாரி. ரொம்ப சக்தி உள்ளவ. ஒரு தடவ காட்டு யானையே வந்து முட்டி போட்டுச்சு.”

அவள் உங்கள் மகள்தான், ஆனால் என் தங்கையும்கூட.

லாரி போய், ரயில் போய், கப்பலும் போயிருக்கும். மழை ஒரு சுற்று வந்து நின்றுவிட்டது. இன்றுவரை ஒரு சேதி இல்லை. கப்பலில் அம்மை போட்டுச் சிலர் இறங்கவே இல்லை என்று லாபிஸ் கடையில் யாரோ சொன்னார்கள். யார் என்று கேட்டால் தெரியாதாம். அங்கே நம் நிலம் எது, வீடு எது என்று அவளுக்கு யார் காட்டுவார்கள்? நீங்கள் வந்தபோது கைபிடித்துக் கூட்டி வர ஒரு கங்காணியாவது இருந்தார். நானும் சேர்ந்து போயிருக்க வேண்டுமா? போயிருந்தால் இந்த மேட்டில் புல் வெட்டுவது யார்? என் தங்கைக்கு நான் கொடுத்து அனுப்பியது சாமியா, சேற்றுக் கல்லா? பகலில் சாமி என்கிறேன். புகை வீட்டில் தனியாக நிற்கும்போது மனசு வேறு மாதிரி கேட்கிறது. நீங்கள் இருவரும் ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாளாவது இப்படிச் சந்தேகப்பட்டீர்களா? பட்டிருந்தால் எனக்கு ஏன் சொல்லவில்லை?

ராக்காயியும் மற்றவர்களும் தினமும் கேட்கிறார்கள், பாக்கியம் போய்ச் சேர்ந்தாளா என்று. நான் சொல்கிறேன். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்ததாம், கப்பல்காரன் தொப்பியைக் கழற்றினானாம், கரையில் அவள் இறங்கும்போது ஊரே மேளத்தோடு நின்றதாம், கல்லுக்கு ஊர் நடுவில் இடம் கொடுத்தார்களாம். ராக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு பால் வாளியைத் தூக்குகிறாள். நீ சொல்லச் சொன்னதைத்தான் செய்கிறேன் ஆத்தா. ஆனால் எனக்குச் சொல்லித் தூங்க வைக்க யாரும் இல்லை.

ஊரிலிருந்து ஒரு கல் கப்பலேறி வந்ததாக அன்றைக்குச் சொன்னேன். இன்று இங்கிருந்து ஒரு கல் கப்பலேறிப் போயிருக்கிறது. எத்தனையோ கதை சொல்லிவிட்டேன், எதுவும் பலிக்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. இந்த ஒன்று மட்டும் நான் சொன்னபடியே நடந்திருக்க வேண்டும். மேளம் வேண்டாம். கப்பல்காரன் தொப்பியும் வேண்டாம். அவள் கரையில் கால் வைத்தாள் என்பது போதும். அம்மனிடம் நீங்கள் சொல்லுங்கள். நான் கேட்டால் கூட்டிக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை விளக்கில் இப்போது இரண்டு திரி போடுகிறேன். ஒன்று இங்கே இருக்கிறவளுக்கு, ஒன்று போனவளுக்கு. பாக்கியத்திடமிருந்து சேதி வரும்வரை அந்த இரண்டாவது திரியை நிறுத்த மாட்டேன். வராவிட்டாலும் நிறுத்த மாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. இதில் யானை இல்லை.

உங்கள் மூத்த மகன்,
பாக்கியத்தின் அண்ணன்,
லாபிஸ் தோட்டத்து முத்தையா