மொச்சை பேசின நோட்டு

5.9.24, வியாழன்

ஏ மொச்சை,

உன் நோட்டுலதான் எழுதுறேன். திட்டாத. முன்னாடி பதினெட்டுப் பக்கம் உன் கையெழுத்து. மதுரை ஆஸ்பத்திரியில நாக்கை எடுத்த பிறகு நீ எழுதிக் காட்டுவ, நான் வாயால பதில் சொல்லுவேன். ‘தண்ணி.’ ‘ஃபேன நிப்பாட்டு.’ ‘ரஞ்சனி சாப்ட்டாளா.’ இப்ப உன் அக்கா நான் எழுதுறேன். நீ செத்து மூணு மாசம் முடிஞ்சிருச்சு.

அஞ்சாப்பு படிச்சவ எழுத்து. கூட்டிப் படிச்சுக்க.

எனக்கும் வாயில புண்ணு. இடது கன்னத்துக்கு உள்பக்கம், ஒடைஞ்ச கடவாப்பல்லுக்கு நேரா. உனக்கு வந்த அதே பக்கம். மூணு வாரமாச்சு. இன்னைக்குப் புளிக்குழம்பு பட்டதும் கண்ணுல தண்ணி வந்திருச்சு. எதுக்க உக்காந்திருந்த உன் மக ரஞ்சனி பாத்தா. “காரமா?”ன்னு கேட்டா. ஆமான்னேன். இன்னைக்குப் பூரா அவ என்கிட்ட பேசினது அந்த ஒரு சொல்லுதான்.

8.9.24, ஞாயிறு

மணத்தக்காளிக் கீரை ஆஞ்சு வச்சேன். ஒடம்புச் சூடுதான். சூடாத்தான் இருக்கும்.

14.9.24, சனி

தோட்டத்துக்குப் போற ஜீப்புல பதிமூணு பேரு. போடி மெட்டு மலைப்பாதை ஏறும்போது முனீஸ்வரி பொகையிலைப் பையை எடுத்து நீட்டினா. எல்லாரும் ஆளுக்கொரு கிள்ளு எடுத்து அடக்குனாங்க. நானும் எடுத்தேன். புண்ணு இல்லாத பக்கம் வச்சேன். அதுக்குப் பேரு புத்தி.

ஏலக்காத் தோட்டத்துல நல்ல மழை. செடிக்கு அடியில குனிஞ்சு காய் எடுக்கையில கெண்டைக்கால்ல ரெண்டு அட்டை. வாயில இருந்த பொகையிலை எச்சிலத் தொட்டு வச்சேன், சுருண்டு விழுந்துச்சு. அப்ப உன் நெனப்பு.

உனக்குப் பதினாலு வயசு. மலைக்கு வந்த மொத நாள். கால் பூராம் அட்டை ஏறி, நீ கெடந்து குதிக்கிற. நான்தான் உன் தாடையப் பிடிச்சு வாயத் தொறந்து பொகையிலைய உள்ள வச்சேன். “அக்கா, தலை சுத்துது”ன்ன. “துப்பாத. அடக்கு. நாலு நாள்ல பழகிரும்”னேன்.

பழகிருச்சு. முப்பது வருசம்.

22.9.24, ஞாயிறு

ரஞ்சனி கடைக்குப் போன நேரத்துல கண்ணாடியில பாத்தேன். செல்லுல லைட்ட அடிச்சுக்கிட்டு. ஓரம் தடிச்சிருக்கு, நடுவுல வெள்ளையா இருக்கு. விரல வச்சா கல்லு மாதிரி இருக்கா? தெரியல. பயத்துல விரலே மரத்துப் போச்சு.

உனக்குச் செஞ்ச மாதிரியே படிகாரத்தை நுணுக்கி வச்சேன். உயிர் போயிருச்சு. நீ ஒருநாளும் கத்தலையேடி. நான் உனக்கு வாரக்கணக்கா வச்சேன், நீ வாயத் தொறந்து காட்டிக்கிட்டே உக்காந்திருந்த.

29.9.24, ஞாயிறு

இத எழுதிப்புடணும். யாருக்கும் தெரியாது, ரஞ்சனிக்கு மட்டும் தெரியும்.

போன வருசம் ஐப்பசி. காய் வெள்ளமா வந்த நேரம். அடுப்படியில நின்னுக்கிட்டு, “அக்கா, புண்ணு ஆற மாட்டேங்குது, ஆஸ்பத்திரிக்குப் போவமா”ன்னு கேட்ட. நான் திரும்பிக்கூடப் பாக்கல. “வாய்ப்புண்ணுக்கு ஒரு நாள் லீவா? கேட்டா கங்காணி சிரிப்பாரு. ஜீப்புல உன் எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவாரு. தை பெறக்கட்டும்”னேன். ரஞ்சனி கதவுக்கிட்ட உக்காந்து படிச்சுக்கிட்டிருந்தா.

தை பெறந்துச்சு. உன் வாய் ரெண்டு விரலுக்கு மேல தொறக்கல. மதுரையில, “இம்புட்டு நாள் என்னம்மா பண்ணீங்க”ன்னு டாக்டரு கேட்டாரு. உன் மக என்னைப் பாத்தா. அன்னைக்குப் பாத்த பார்வைய இன்னும் எடுக்கல.

வைகாசியில உன்னைத் தூக்கிக் கொடுத்தேன்.

9.10.24, புதன்

வாய் நாறுது. எனக்கே தெரியுது. தோட்டத்துல ஒரு ஏலக்காயக் கிள்ளி நாக்குக்கு அடியில போட்டுக்கிட்டேன்.

போட்ட பிறகுதான் ஒறைச்சுது. நீயும் இதத்தான் செஞ்ச. போன வருசம் நீ பேசினாலே கமகமன்னு இருக்கும். ஜீப்புல எல்லாரும் கேக்க நான் சொன்னேன், “எங்க மொச்சைய மூட்டை கட்டிப் போட்டா போடியில நல்ல வெலைக்கு ஏலம் போயிருவா”ன்னு. அம்புட்டுப் பேரும் சிரிச்சோம். நீயும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்ச.

ஊரே ஏலக்கா மணக்குது. அதுல ஒருத்தி வாய் அழுகுறத எவ கண்டுபிடிப்பா. ஒரே பாயில படுத்தவ நானே கண்டுபிடிக்கல.

12.10.24, சனி

மெட்டுல டீக்கு எறங்கினோம். முனீஸ்வரி எனக்கு மட்டும் பேப்பர் கப்புல வாங்கியாந்தா. மத்தவுகளுக்குக் கண்ணாடி கிளாசு.

“எனக்கென்னடி தனியா?”

“கோவிச்சுக்காத மதினி. தங்கச்சிக்காரியும் இப்படித்தான் ஒரு பக்கமா மென்னா. உங்க குடும்பத்துக்கே வாய்தான் எமன்போல. எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல.”

ஒருத்தியும் அவள அதட்டல. உன் பாடையக் கட்டிக்கிட்டு அழுதவதான் அவ.

சாயங்காலம் நான் ஜீப்பு விட்டு எறங்கும்போது கங்காணி கன்னையன், “ஆத்தா, திங்கக்கெழமை வர வேணாம். பொம்பளைக பயப்படுறாக. ஒடம்பப் பாத்துக்க”ன்னாரு. தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

ஒரு வாய்ப்புண்ணுக்கு லீவு கெடைக்காதுன்னு உன்கிட்ட சொன்னேன். பாத்தியா, கேக்காமலே கெடைக்குது.

14.10.24, திங்கள்

வேலைக்குப் போகல. ரஞ்சனி தேனிக்கு லேப் படிப்புக்குக் கெளம்பிக்கிட்டிருந்தா. சோத்துப் பெட்டியக் கையில குடுத்தேன். வாங்கப் போனவ அப்படியே நின்னுட்டா.

“ஏலக்கா எதுக்கு வாயில?”

“சும்மாதாண்டி.”

“எங்கம்மாவும் சும்மாதான்னுச்சு. வாயத் தொறங்க.”

தொறங்கன்றா. நீ இருந்த வரைக்கும் என்னைய ‘வா பெரிம்மா போ பெரிம்மா’ன்னவ. இப்ப ‘நீங்க, வாங்க’. வெளியாளுக்குக் குடுக்கிற மரியாதை.

செல்லு லைட்ட அடிச்சுப் பாத்தா. “எத்தனை நாளு?”

“ரெண்டு மாசம்.”

லைட்ட அணைச்சா. பெறகு சொன்னா. “நீங்க செத்தா நான் அழ மாட்டேன். ஆனா இன்னொருக்க அந்த வார்டுல வந்து உக்கார என்னால முடியாது. நாளைக்கு எங்கூடக் கெளம்புங்க.”

நல்லா சொன்னா. உன் வாய் இல்ல அது, என் வாய்.

15.10.24, செவ்வாய்

தேனி பெரியாஸ்பத்திரி. பல் டாக்டரு சின்னப் பொண்ணு, ரஞ்சனி வயசுக்கு நாலஞ்சு கூட இருக்கும். உள்ளயும் வெளியவும் நல்லா தடவிப் பாத்துச்சு, கழுத்தையும் அமுக்கிப் பாத்துச்சு. எத்தனை வருசமாப் பொகையிலைன்னு கேட்டுச்சு. முப்பத்தாறுன்னேன்.

“ஒடைஞ்ச பல்லு கன்னத்துல உரசிக்கிட்டே இருக்கும்மா. அதுனாலயும் இருக்கலாம். ஆனா பாத்துச் சொல்ல முடியாது, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்.”

பல்லுக்கூர ராவி விட்டுச்சு. மரத்துப் போக ஊசி போட்டு, புண்ணோட ஓரத்துல மொளகு அளவு சதை எடுத்துச்சு. பொகையிலைய இன்னையோட விடணும்னு சொல்லிச்சு. “ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு எதுவா இருந்தாலும் காட்டிரணும்மா. வீட்டுல யாருக்கு வந்தாலும்”னுச்சு.

ரெண்டு வாரம். நான் உன்னை மூணு மாசம் நிப்பாட்டி வச்சேன்.

ரஞ்சனி பஸ்சுல முன் சீட்டுல உக்காந்தா. நான் பின்னாடி.

19.10.24, சனி

பொகையிலை இல்லாம கை கால் பரபரங்குது. கண்டதுக்கெல்லாம் எரிச்சல்.

மொச்சை, உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. எனக்கும் அதுவா இருக்கட்டும்னு நெனச்சேன். அப்பவாவது ரஞ்சனி மனசு ஆறும்னு. பெறகு சோறு வடிக்கையில பயம் வந்துருச்சு. சாகவும் பயமா இருக்கு, இருக்கவும் வெக்கமா இருக்கு.

20.10.24, ஞாயிறு

முன் பக்கத்தையெல்லாம் இன்னைக்குப் படிச்சேன். பதினெட்டாம் பக்கத்துல கடைசி வரி. ‘அக்கா நீ அன்னைக்கு’. அம்புட்டுதான். எழுதிக்கிட்டிருக்கும்போதே நர்சு வந்து ஊசி போட்டாங்க, நீ கண்ண மூடிட்ட. நோட்டு உன் வயித்து மேலயே கெடந்துச்சு.

நான் படிச்சேன். படிச்சிட்டு மூடி வச்சேன்.

மறுநாள் நீ முழிச்சதும் நோட்டக் கேட்டுக் கை காமிச்ச. “எழுதிச் சோந்து போவாத, படுத்துக்க”ன்னு தலையணைக்கு அடியில சொருகிட்டேன். ரெண்டு தடவ கேட்ட. மூணாவது தடவ கேக்கல. அதுக்கு மறுநாள் போயிட்ட.

இத ரஞ்சனிகூட அறிய மாட்டா.

28.10.24, திங்கள்

ரிசல்ட்டு வந்திருச்சு. ரஞ்சனிதான் போய் வாங்கியாந்தா. வாசப்படியில நின்னே படிச்சா. “உங்களுக்கு அது இல்ல. பல்லு உரசினதுதான். பொகையிலையத் தொட்டா அதுவா மாறலாம்னு சொன்னாங்க.”

நான் கன்னத்தத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்.

அவ பேப்பர நாலா மடிச்சா. “ஒரு பஸ்சு. ஒரு ஊசி. ரெண்டு வாரம்.” உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா. என் முன்னால அழக்கூடாதுன்னு குழாயத் தொறந்து விட்டா. தண்ணி ரொம்ப நேரம் ஓடுச்சு.

31.10.24, வியாழன்

தீவாளி. நம்ம வீட்டுல இந்த வருசம் கெடையாது. புண்ணு பாதி ஆறிருச்சு.

18.11.24, திங்கள்

மறுபடி மலைக்குப் போனேன். கங்காணிகிட்ட பேப்பரக் காட்டினேன். ஜீப்புல முனீஸ்வரி நகந்து எடம் விட்டா. “ஒண்ணுமில்லையாம்ல மதினி, சாமி காப்பாத்துச்சு”ன்னு கைய வேற பிடிச்சுக்கிட்டா. மெட்டுல எனக்குக் கண்ணாடி கிளாசு. குடிச்சேன். வேற என்ன செய்ய.

தோட்டத்துல புதுசா ஜார்க்கண்டுப் பிள்ளைக வந்திருக்கு. ஒரு பிள்ளை இடுப்புல சின்னத் துணி மூட்டை ஒண்ணு கட்டியிருந்துச்சு. அட்டை ஏறுனா அத நனைச்சு ஒரு ஒத்து ஒத்துது, அட்டை விழுந்துருது. என்னன்னு கையால கேட்டேன். அவுத்துக் காட்டுச்சு.

உப்புடி. சோத்துக்குப் போடுற கல்லுப்பு.

நான் செடிக்கு அடியிலயே உக்காந்துட்டேன். காய் எடுக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

7.12.24, சனி

ரஞ்சனி படிப்ப முடிச்சுக் கோயம்புத்தூருக்குப் போயிட்டா. பெரிய லேப்புல வேலை, லேடீஸ் ஹாஸ்டல். போடி பஸ்ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கிக்கிட்டுப் போனேன். ஏறும்போது, “மாசம் ஒருக்கா வாயக் கண்ணாடியில பாருங்க”ன்னா. பெரிம்மான்னு ஒரு சொல்லு சொல்லுவான்னு பஸ்சு திரும்புற வரைக்கும் நின்னேன். சொல்லல.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில பாத்தேன். புண்ணு இருந்த எடமே தெரியல. வழுவழுன்னு இருக்கு. இன்னும் இருபது வருசம் சோறு தின்னலாம், புளிக்குழம்பு ஊத்தி.

பதினெட்டாம் பக்கத்தைத் தொறந்து முன்னால வச்சிருக்கேன். நீ வரிக்குப் பின்னாடி விட்ட எடம் அப்படியே வெள்ளையா இருக்கு. பொகையிலைய உன் வாயில திணிச்சேனே அதுவா, அடுப்படியில திரும்பிப் பாக்காம நின்னேனே அதுவா. இல்ல, நான் மறந்துட்ட வேற ஏதாவது நல்ல நாளா, சின்னப்பிள்ளையில உன்னை நான் இடுப்புல தூக்கி ஓடையத் தாண்டுன மாதிரி ஒரு நாளா.

அக்கா நீ அன்னைக்குன்னு எழுதினியே – என்னைக்குடி, மொச்சை?