இன்னொரு தடவை கேட்பார்கள் என்று

என் இஸ்மாயிலுக்கு,

பேச்சில் நான் எப்போதும் உன்னைவிட மெதுவானவன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நம் பழைய மாணவர்கள் போடும் மலருக்கும் இதைக் கொடுக்கப்போகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. நீ போன பிறகு உன் ஜமீலா வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா காலம் முடிந்துவிட்டது. மகள் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். ஜமீலா இப்போது கடலூர் முதுநகர் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். கடையை உன் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். உன்னளவு பேசத் தெரியவில்லை, ஆனால் நாணயமாக இருக்கிறான்.

சிதம்பரத்தில் ஒரே பெஞ்சில் படித்த நாம் இருவரும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில், மேற்படிப்புக்காக லண்டன் போனோம். நீ வேதியியல், நான் தாவர நோய்கள். நீ ஒரு கப்பல் முன்னால் போயிருந்தாய். நான் போய் இறங்கியதும் இருவருமாக அறை தேடினோம். ‘அறை காலி’ என்று பலகை தொங்கும். கதவைத் திறப்பவர்கள் நம் முகத்தைப் பார்த்ததும், இப்போதுதான் ஆள் வந்துவிட்டார் என்பார்கள். நீ சிரித்து வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தட்டுவாய். நான் தெருமுனையிலேயே நின்றுவிடுவேன். கடைசியில் ஓர் ஐரிஷ் விதவை மாடி அறையைக் கொடுத்தார்.

அறை கிடைத்த பிறகுதான் என் கஷ்டம் தொடங்கியது. நான் கரும்பின் செவ்வழுகல் நோய்ப் பூஞ்சையை ஆராய வந்தவன். முதல் வாரமே பேராசிரியர் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக்காட்டி, ஜன்னலோரம் காலியாக இருந்த மேசையைக் காட்டி, “இது உங்களுக்கு வேண்டுமா?” என்று கேட்டார். “பரவாயில்லை சார், வேண்டாம்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் குமராட்சிப் பக்கம் இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பந்தியில் போதும் என்றால் இலைக்கு மேல் கையை நீட்டி மறைக்க வேண்டும். பரிமாறுகிறவர் அந்தக் கையை விலக்கிவிட்டு வைக்க வேண்டும். முதல் பேச்சிலேயே சரி என்பவனை அலைகிறவன் என்பார்கள். நான் கையை நீட்டினேன். விலக்க ஆளில்லை.

அடுத்த வாரம் அந்த மேசையில் ஒரு ஸ்காட்லாந்துப் பையன் உட்கார்ந்திருந்தான். நான் நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மேசை இல்லாமல் ஆய்வு இல்லை. ஆய்வு இல்லாவிட்டால் வருட முடிவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்புவதற்குள் நாமே போய்விடலாம் என்று முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ சோறு பொங்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

“ஊருக்குப் போறேன்டா. இது எனக்கு ஒத்து வராது.”

“ஏன், இன்னா ஆச்சு?”

“ஒக்காந்து வேலை செய்ய மேசை இல்ல. புரொபசர் என்னை மறந்துட்டாரு.”

“நீ கேட்டியா?”

“அவரே கேட்டாரு. நான்தான் வேணான்னேன்.”

“வேணான்னியா? எதுக்குடா?”

“இன்னொரு தடவ கேப்பாருன்னு நெனச்சேன்.”

நீ கரண்டியோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாய். “டேய் மச்சான், அவுரு இன்னா ஒன் தாய்மாமனா, இன்னும் ரெண்டு இட்லி வெச்சுக்கப்பான்னு கெஞ்ச? இங்க ஒரு தடவதான்டா கேப்பாங்க. வேணான்னா, வேணாம்போலன்னு போயிடுவாங்க.”

பிறகு என் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் பேராசிரியராக உட்கார்ந்தாய்.

“மிஸ்டர் பெருமாள், மேசை வேணுமா?”

“ஒங்களுக்கு செரமம் இல்லன்னா…”

“அவுட்டு! மறுபடி வா.”

“அது வந்து சார், எதா இருந்தாலும்…”

“அவுட்டு! ஒன்ன வெச்சிக்கினு நான் இன்னாடா பண்ணுவேன்?”

சோறு அடிப்பிடித்த பிறகுதான் எனக்கு “வேணும் சார்” வந்தது. அதையும் சத்தமாகச் சொல்லச் சொன்னாய்.

மறுநாள் பேராசிரியரிடம் போனேன். “நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள்?” என்றார். அவருக்குக் கோபமில்லை, புரியவில்லை, அவ்வளவுதான். ஜன்னலோர மேசையைத் திரும்ப வாங்க முடியாது, கீழ்த்தளத்தில் கொதிகலன் பக்கம் ஒரு மூலை இருக்கிறது, வெளிச்சம் கிடையாது, யாரும் கேட்பதில்லை என்றார். அவர் முடிப்பதற்குள் வேண்டும் என்றேன்.

நம் ஊர்ப் பூஞ்சைக்கு அந்த மூலையின் சூடு பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். பட்டம், கரும்பு ஆராய்ச்சி வேலை, சிதம்பரத்தில் இந்த வீடு எல்லாம் அங்கிருந்து வந்தவை.

இரண்டாம் குளிர்காலத்தில் உன் அத்தா மௌத்தான தந்தி வந்தது. கடையைப் பார்க்க ஆளில்லை, தம்பி சின்னப் பையன், தங்கைகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. “நான் போறேன் மச்சான்” என்றாய். “போவாதடா, துறையில அவகாசம் கேட்டுப் பாக்கலாம், நானும் கூட வந்து பேசுறேன்” என்றேன். “வேணாம்டா” என்றாய். சரி என்று விட்டுவிட்டேன். அங்கே இருந்து இருந்து, ஒரு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது எனக்கும் பழகியிருந்தது. உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடி வரை வந்தேன்.

நீ கடலூரில் நன்றாகத்தான் வாழ்ந்தாய். தங்கைகளைக் கரையேற்றினாய். படிப்பை விட்டதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனாலும் கேட்கிறேன். அந்த ‘வேணாம்’ நிஜமாகவே வேணாம்தானா? நான் இன்னொரு தடவை சொல்வேன் என்று பார்த்தாயா? சொல்லியிருந்தால் இருந்திருப்பாயா? இருந்திருந்தால் உன் தங்கைகள் கதி என்ன ஆகியிருக்கும்? எது சரி என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. உன் கடையில் எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறேன். இதைக் கேட்க வாய் வந்ததில்லை.

போன வாரம் நானும் என் மனைவியும் ஜமீலாவைப் பார்க்கப் போயிருந்தோம். “எங்க கூட சிதம்பரம் வாம்மா, பத்து நாள் இருந்துட்டு வரலாம்” என்று கூப்பிட்டேன். “வேணாண்ணே, ஒங்களுக்கு எதுக்கு செரமம்?” என்றாள். சரிம்மா என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை திரும்பப் போகிறேன், இஸ்மாயில். போனதும் கேட்பேன். வேண்டாம் என்றால் டீ குடித்துவிட்டுக் கேட்பேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கேட்பேன். “ஒரு தடவ சொன்னா புரியாதாண்ணே?” என்று அவள் எரிந்து விழட்டும். அப்போதுதான் அது வேண்டாம் என்று எடுத்துக்கொள்வேன்.

உன் மச்சான்,
கலியபெருமாள்
சிதம்பரம்