“புட்டு” என்றால் ஓட்டம்

இன்று காலை மகளோடு ரயிலில் போகும்போது, ரொம்சோஸ் நிலையத்தில் ஏறிய ஒரு பெண்பிள்ளை, விளையாட்டுக்காரர் போடும் தோள்கவசம் பிதுங்கும் பையை என் காலடியில் வைத்தாள். ஈரமும் வியர்வையும் கலந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உன்னைத் தேடித் திரும்பிப் பார்த்தேன், மச்சான். நீ எங்களை விட்டுப் போய் ஒரு மாரி கடந்துவிட்டது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டாயிரம் பிறந்த புதிதில், இங்கே நோர்வேயில் எங்கள் வயதுத் தமிழ்ப் பெடியள் எல்லாரும் உதைபந்துக்குப் போக, நீ என்னை அமெரிக்கக் கால்பந்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். நீ குவாட்டர்பேக். என்ன ஆட்டம் என்று முடிவு செய்து பந்தை எறிபவன். நான் உனக்கு முன்னால் குனிந்து நின்று, கால்களுக்கு இடையால் பந்தை உன் கைக்குத் தருபவன். ஒருநாள் பயிற்சி பார்க்க வந்த உன் அம்மா, என்னைக் காட்டி, “பந்தைக் குடுத்துப்போட்டு அடி வாங்கிறதோ இவன்ரை வேலை?” என்று கேட்டா.

“ஓம் அம்மா, அவன் வாங்கினால்தான் நான் எறியலாம்” என்றாய்.

எதிரணிகள் எங்கள் நோர்வேஜியக் குறிச்சொற்களைக் கண்டுபிடித்துவிட்டதால், தமிழைக் கொண்டுவந்தவன் நீ. “புட்டு” என்றால் பந்தோடு ஓட்டம். “முருங்கைக்காய்” என்றால் நீண்ட எறிதல். பொன்னிறத் தலைமுடி நோர்வேஜியப் பெடியள் உடைமாற்றும் அறையில் அதை நாக்குப் புரளப் பாடமாக்கினார்கள். அந்தப் பருவம் முழுக்க வென்றோம்.

இறுதிப் போட்டியில் மட்டும் ஒன்றும் எடுபடவில்லை. நீ “புட்டு” என்றால் எதிரணி திரண்டு நெருங்கியது. “முருங்கைக்காய்” என்றால் பின்னால் ஓடியது. கடைசி நிமிடம் வந்தும் பின்தங்கியே இருந்தோம். அப்போது என்னோடு மோதி விழுந்த எதிரணிப் பெடியன், “ஐயோ அம்மா!” என்று முனகினான்.

“டேய், அவன் எங்கடை ஆள். எல்லாம் விளங்குது அவனுக்கு” என்று உன்னிடம் ஓடிவந்து சொன்னேன்.

நீ சிரித்தாய். “நல்லதாப் போச்சு.” எல்லாரையும் வட்டமாகக் கூட்டி, இந்த முறை புட்டு என்றால் எறிதல் என்று மெல்லச் சொன்னாய்.

பிறகு மைதானம் அதிர, “புட்டு!” என்று கத்தினாய். அந்தத் தமிழ்ப் பெடியன் தன் ஆட்களை எல்லாம் முன்னால் இழுத்தான். பந்தைத் தந்த கையோடு என்னை இருவர் மல்லாக்க விழுத்தினார்கள். எப்போதும் குனிந்தே நின்ற நான், உன் எறிதலை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். பந்து என் முகத்துக்கு மேலால் ஆறுதலாகச் சுழன்று போனது. பிறகு சனத்தின் இரைச்சல். கிண்ணம் எங்களுக்கு.

அந்தப் பெடியன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். “அண்ணை, புட்டெண்டுதானே சொன்னீங்கள்?”

“ஓம் தம்பி, இண்டைக்குச் சமையலை மாத்திட்டம்” என்று அவனைக் கட்டிப்பிடித்தாய்.

அடுத்த கோடையே ஜெர்மனியில் ஒரு கழகம் உன்னைச் சம்பளத்துக்கு எடுத்தது. பத்திரிகைக்காரர்கள் உன் நீளப் பெயரைப் பிழையில்லாமல் எழுதப் பழகினார்கள். பிள்ளைகள் உன் இலக்கம் போட்ட சட்டையோடு திரிந்தார்கள். பல வருடம் அங்கே ஆடி, அந்தப் புகழின் நடுவில்தான் உன் இதயம் நின்றது.

அந்த இறுதிப் போட்டிவரை, ரயிலில் அம்மா தொலைபேசியில் அழைத்தால் வாயைக் கையால் மறைத்துத்தான் தமிழ் கதைப்பேன். அத்தனை சனத்துக்கு நடுவில் நீ அடிவயிற்றிலிருந்து அதைக் கத்தியதைக் கேட்ட பின், அந்தக் கை தானாக இறங்கிவிட்டது. இன்று குரோருட் நிலையத்தில் சனம் இறங்க, மகள் பெட்டி முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள்: “அப்பா, இஞ்சை இடம் கிடக்கு!”

“ஓம் குஞ்சு, வாறன்!” என்றேன், அவளைவிடச் சத்தமாக.