மேடா, பள்ளமா

ஜூன் 2, வெள்ளி

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வரைபடப் பிரிவில் ஒரு விளையாட்டு. செயற்கைக்கோள் படம் ஒன்றைத் திரையில் போடுவார்கள். அது என்ன நிலவடிவம் என்று கண்டுபிடிக்க வேண்டும். மணல்மேடா, ஆறு விட்டுப்போன தடமா, இப்படி. இன்று நான் முந்திரிக்கொட்டை மாதிரி "எரிமலை வாய்!" என்று கத்தினேன். "அம்மா தாயே, அது கல் குவாரி!" என்றான் பக்கத்து மேசை மேதாவி. எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவன். அறையே சிரித்தது.

ஜூன் 6

லிஃப்ட்காரர்கூட "வாங்க எரிமலை மேடம்" என்கிறார்.

ஜூன் 15

நிலச்சரிவு ஆய்வின் தலைமை மேதாவிக்குப் போய்விட்டது. எனக்கென்று போன வருடமே சொன்ன பொறுப்பு. "எரிமலைகிட்ட குடுக்க பயமா இருக்கும்மா" என்று இயக்குநர் சிரிக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. வீட்டில் இவரிடம் சொன்னால், "விடு, விளையாட்டுதானே" என்கிறார். யாருக்கு விளையாட்டு? அவனை விடமாட்டேன். அதே திரையில், அதே ஆட்கள் முன்னால்.

ஜூன் 20

கிடைத்துவிட்டது! வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் விழும் என்று நம் கண் நினைத்துக்கொள்கிறது. குன்றின் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் நிழல் இடம் மாறி, குன்று குழியாகத் தெரியும். மகளிடம் காட்டினேன். "எவ்ளோ பெரிய குழிம்மா!" கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

ஜூன் 23, வெள்ளி

விழுந்தான்! "விண்கல் விழுந்த பள்ளம். இதுகூடத் தெரியாதா?" என்று எழுந்து நின்று பாடம் வேறு நடத்தினான். முழுக்கப் பேசவிட்டேன். பிறகு படத்தைத் திருப்பினேன். பள்ளம் குன்றாக எழும்பியது. இயக்குநர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பள்ளம் சார், டீ ஆறுது" என்று யாரோ சொல்ல — அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஜூலை 4

எந்தப் படம் வந்தாலும் இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பார்க்கப் பார்க்க இனிக்கிறது.

ஜூலை 11

புதுக் குடியிருப்பு வரப்போகும் மலைச்சரிவின் படம். என் மேசைக்கே வந்து, குரலைத் தாழ்த்தி, "இது மேடுதானே?" என்றான். இல்லை. முன்பு மண் சரிந்து இறங்கிய பள்ளம். பெருமழை பெய்தால் மறுபடியும் அந்த வழியாகத்தான் இறங்கும். "பள்ளம். கீழ வீடு கட்டக் கூடாது" என்றேன். சத்தியமாக உண்மையைத்தான் சொன்னேன். "ஒரு தடவ ஏமாந்தது போதும்" என்றான். 'மேடு, பாதுகாப்பானது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான்.

ஜூலை 12

இயக்குநரிடம் ஓடினேன். "உங்க சண்டைய என்கிட்ட கொண்டுவராதீங்கம்மா." அந்தப் பகுதிக்கு உயர அளவுகளும் இன்னும் எடுக்கவில்லை. எதை வைத்து நிரூபிப்பேன்? அங்கே குடிவரப்போகிறவர்கள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்.

ஜூலை 13

பக்கத்து மேசைக்காரர் முன் நின்று கெஞ்சினேன். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். கடைசியில், "நாளைக்கு ஜீப்ல போவோம். நீங்க அங்க நடுவுல போய் நில்லுங்க. பக்கத்து ரோட்டுலேருந்து பாக்கறேன். உங்க தலை பள்ளத்துல மறைஞ்சா நம்பறேன்" என்றார்.

"ரொம்ப நன்றி சார்" என்றேன்.