உன் அம்மாவுக்காக ஜெபித்தார்கள்

பிரியமுள்ளவளுக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூர் சபையில் வாலிபர் கூட்டம் முடிந்து இப்போதுதான் ராஜபாளையம் வந்தேன். திருமணம் ஓர் ஆணும் பெண்ணும் கர்த்தர் முன்னால் செய்கிற உடன்படிக்கை, கசந்தால் கழற்றிப் போட அது சட்டை இல்லை என்று பேசினேன். பிடிக்காவிட்டால் பிரிவது அவரவர் இஷ்டம் என்று வாதாடியவர்களுக்கெல்லாம் பதில் சொன்னேன்.

கடைசியில் சட்டம் படிக்கிற எலினா எழுந்தாள். "இம்புட்டு அழகா பேசுதீயளே மாமா, அத்தைய ஏன் கூட்டிட்டு வரல?"

சேத்தூரில் உன் அம்மாவுக்குச் சுகமில்லை, பார்க்கப் போயிருக்கிறாய் என்று பொய் சொல்லிவிட்டேன்.

உடனே எல்லோரும் முழங்காலிட்டு உன் அம்மாவுக்காக ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன். பிறகு கண்ணைத் திறக்கத்தான் வெட்கமாக இருந்தது.

பேசியதில் ஒரு வார்த்தையையும் மாற்றிச் சொல்லமாட்டேன். கர்த்தர் சேர்த்தவர்களைப் பிரிக்க யாருக்கும் உரிமையில்லை. உன்மேல் கை ஓங்கிய எனக்கும்தான்.

நான் உதைத்து உடைத்த அறைக்கதவைச் சரிசெய்துவிட்டேன். உள்பக்கம் நீ போட்டுக்கொள்ள இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றும் பொருத்தியிருக்கிறேன். வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

உன் அம்மா சுகம்தானே?

இப்படிக்கு,
ஊருக்கெல்லாம் பதில் சொல்லத் தெரிந்த உன் வீட்டுக்காரன்