ஒன்பதாம் பிரிவு

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் நாங்கள் ஒரு நிறுவனம். 'சுகாதாரக் கொள்கை ஆலோசகர்கள்' என்று பலகை மாட்டியாகிவிட்டது. பன்மையில் போடுவதற்குச் சரியாக இரண்டு பேர் இருக்கிறோம், என் கணவரும் நானும். அலுவலகம் என்பது எங்கள் வீட்டு முன்னறை.

இவர் இருபத்திரண்டு வருஷம் சுகாதாரத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் இருந்தவர். எந்த அறிக்கை வந்தாலும் கடைசியில் நாலு பக்கம் சேர்ப்பார் என்பதால் அங்கே அவருக்குப் 'பின்னிணைப்பு' என்று பேர். நான் பதினெட்டு வருஷம் நர்ஸ். அவருக்கு எண்கள் தெரியும், எனக்கு நோயாளிகளைத் தெரியும், சேர்ந்தால் எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்று சாப்பாட்டு வேளையில் பேசிப் பேசியே இரண்டு பேரும் வேலையை விட்டோம்.

விதி ஒன்று: முன்னறையில் வீட்டுப் பேச்சு கூடாது. விதியைப் போட்டவர் இவர். பதினொரு மணிக்கு மீறியவரும் இவர். "டீ இருக்கா?"

மார்ச் 6, வியாழன்

முதல் வேலை வந்துவிட்டது. இவருடைய பழைய துறையே தந்திருக்கிறது. உடம்புக்கு ஏதாவது வந்தால் மக்கள் ஏன் தாமதமாக மருத்துவரிடம் போகிறார்கள்? அறுநூறு வீடுகளில் கேட்டு அறிக்கை எழுத வேண்டும்.

புது அச்சு இயந்திரம் மங்கலாக அடிக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

கேள்விப் படிவம் தயார். பதினோராம் கேள்வி என்னுடையது: 'யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் உடல் தொந்தரவு ஏதாவது உண்டா? சொல்லாததற்குக் காரணம் என்ன?'

முதல் பக்கத்து உறுதிமொழி அவருடையது: 'உங்கள் பதில் எந்த நிலையிலும் எவரிடமும் வெளியிடப்படாது.' 'எந்த நிலையிலும்' என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். அது மட்டும்தான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. நாளை மறுநாள் மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

ஆறு பேரிடம் சோதனை. நாங்கள் இருவர், மாமியார், எதிர்வீட்டு டீச்சர், தெருக்கோடிக் கட்டடத்துக் காவலாளி, அச்சு இயந்திரம் பார்க்க வந்த மெக்கானிக். பேர் எழுத வேண்டாம். நிரப்பிச் செருப்புப் பெட்டியில் போட்டால் போதும். மாமியாருக்கு ரகசியம் தேவைப்படவில்லை. காரணம் என்ற இடத்தில் 'சொன்னா யாரு கேக்கறாங்க' என்று எழுதி, எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல மேடம்" என்றார் மெக்கானிக். அவருக்கு என்ன தெரியும்.

என் படிவத்தில் உண்மையைத்தான் எழுதினேன். என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 14, வெள்ளி

படிவங்களைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தேன். என்னுடையதில் பதினோராம் கேள்வியைக் காலியாக விட்டேன். சோதனைதானே.

பிறகு படிவம் எண் நான்கு. ஆண். வயது 45 முதல் 50. 'மாடி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், இடது தோள் வரை. ஒன்றரை மாதமாக.' காரணம்: 'நிறுவனம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மனைவி பயந்துவிடுவாள்.'

காவலாளிக்கு அறுபது தாண்டிவிட்டது. மெக்கானிக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆறு பேரில் ரகசியம் நிற்காது என்பது இந்தப் புள்ளிவிவரப் புலிக்குத் தோன்றவில்லை.

ஒன்றரை மாசமா. பக்கத்துலயே இருக்கேன், தெரியல. நான் என்ன நர்ஸ்?

சமையலறையில் கேட்டேன். "மாடி ஏறினா நெஞ்சு கிஞ்சு அடைக்குதா உங்களுக்கு?"

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன். யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

யார் சொல்ல முடியும்? எந்த நிலையிலும், எவரிடமும். படிவத்தைக் காட்டினால் நெஞ்சை விட்டுவிட்டு உறுதிமொழியைப் பற்றி ஒரு வாரம் சண்டை போடுவார். அதுவரை அந்த நெஞ்சு காத்திருக்குமா? இவர் எழுதி வைத்த விதிக்குத்தான் கட்டுப்படுவார். சரி, விதி போடுவோம்.

மார்ச் 15, சனி

காலை எட்டு மணிக்கே முன்னறையில் கூட்டம் போட்டேன். எங்கள் ஆய்வு வழிமுறையில் எட்டுப் பிரிவுகள் இருக்கின்றன, ஒன்பதாவதாக ஒன்று வேண்டும் என்றேன். ஆபத்தான அறிகுறி எழுதியவர்களுக்கு உடனே மருத்துவரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் தர வேண்டும்.

"நாம ஆராய்ச்சி பண்றவங்க, டாக்டர் இல்ல."

"நெஞ்சு வலின்னு ஒருத்தர் எழுதிக் குடுத்தா, கணக்குல சேத்துக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவீங்களா?"

வழிமுறைத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு அவரே எழுதினார். மூடிய உறை, எண் மட்டும், பேர் கூடாது. 'அதே நாளில்' என்பதையும் அவரே சேர்த்தார்.

"சோதனைப் படிவத்துக்கும் உண்டா?" என்றேன்.

"விதின்னா எல்லாத்துக்கும்தான்."

பத்து நிமிஷத்தில் உறையை அவர் மேசையில் வைத்தேன். 'படிவம் எண் 4ஐ நிரப்பியவருக்கு.'

"இத ஏன் எங்கிட்ட குடுக்கற?"

"யார்னு எனக்குத் தெரியாதே. நீங்க சேத்துடுங்க."

வாசித்தார். இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வண்டி கூப்பிடு" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டு அடைப்பு.

மார்ச் 18, செவ்வாய்

ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா சொல்றதுக்கில்ல. எப்படி இப்பவாவது வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். மூக்கில் குழாயோடு இவர் "எங்க ஒன்பதாம் பிரிவு" என்றார். பெருமை வேறு.

நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

நான் வீடு வீடாகப் போகிறேன். இவர் வீட்டில் ஓய்வெடுத்துக்கொண்டு படிவங்களைக் கணினியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்.

அச்சு இயந்திரத்தை மாற்றி வாங்கினோம். இதுவும் மங்கல்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

"தரவுல ஒரு பிழை இருக்கு" என்றார் காலையில். "படிவம் ரெண்டு. பதினோராம் கேள்வி. காகிதத்துல மூணு வரி, கணினில காலி."

"சோதனைதானே, விடுங்க."

விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். மதியம் என் மேசையில் ஓர் உறை. 'படிவம் எண் 2ஐ நிரப்பியவருக்கு.' இத ஏன் எங்கிட்ட என்று வாய் வரைக்கும் வந்தது.

ஒன்பதாம் பிரிவின் கடிதம், ஒரு வார்த்தை மாறாமல். எழுத்தை மட்டும் ஒரு பக்கத்துக்கு எட்டு வரி வருகிற அளவுக்குப் பெரிதாக்கி அடித்திருந்தார். வலது கண்ணை மூடிக்கொண்டு படித்துப் பார்த்தேன். முடியவில்லை. அச்சு இயந்திரத்தின் மேல் இனிப் பழி போட வழியில்லை.

கீழே, பழக்கதோஷம், ஒரு பின்னிணைப்பு: கண் டாக்டர், இன்று மாலை ஐந்து மணி. வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது.

கூடவே என் படிவத்தின் நகல். 'இடது கண் மங்கிக்கொண்டே வருகிறது. மூன்று மாதமாக.' காரணம் என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததை அடிக்கோடிட்டிருந்தார்: 'கணவர் பயந்துவிடுவார்.'

பக்கத்தில் பென்சிலால் ஒரே சொல்: 'பயந்துவிட்டார்.'